சூறாவளிக் காலத்துக் கடல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவோர் பலர் இருக்கின்றனர். ஆதலின் நாம் கடலைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். எம் சங்கத்து உறுப்பினரிற் பலர் கடலோடிகளின் பிள்ளைகள். ஐப்பசி பிறந்து மார்கழி கழியும்வரை வீட்டிலுள்ள பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அறியாதவர்கள் அல்லர். அந்த மூன்று மாதங்களில் கடல் எப்படி இயங்குகிறது, ஏன் அப்படி இயங்குகிறது, வரவிருக்கும் ஆபத்தை எவ்வாறு முன்னரே உணர்த்துகிறது என்பனவே எமது பொருள். இவற்றோடு இன்னுமொன்றும் உண்டு. கடல் உணர்த்திய பின்னரும், அறிந்தோர் சொன்ன பின்னரும், மனிதர் ஏன் மாண்டனர் என்பது. உண்மையிலே அதைச் சொல்வதற்காகவே எழுந்தோம்.

முதலிற் பெயர். அத்திலாந்திக் சமுத்திரத்திலும் கரிபியன் கடலிலும் ஹரிக்கேன் என்பார்கள். அது மேற்கிந்தியத் தீவுகளின் ஆதிக்குடிகள் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. சீனம், யப்பான், பிலிப்பைன்சுப் பக்கங்களிலே தைபூன் என்பார்கள். எம்முடைய வங்கக் கடலிலே சைக்கிளோன். நாம் சூறாவளி என்கிறோம். தமிழகத்தார் புயல் என்கின்றனர். ஊருக்கு ஊர் பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. சைக்கிளோன் என்னும் சொல் மேல்நாட்டிலே பிறந்ததன்று. கல்கத்தாவிலே வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கி, 1848ஆம் ஆண்டு மாலுமிகளுக்காக எழுதிய நூலிலே வெளியிட்டார். வங்கக் கடலிற் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே அவர் காற்று சுழல்கிறது என்பதை நிறுவினார். ஒரே நாளில் ஒரு கப்பலுக்கு வடகாற்றும், நூறு மைலுக்கு அப்பாலிருந்த மற்றொன்றுக்குத் தென்காற்றும் வீசியிருக்குமானால், அவ்விரண்டுக்கும் நடுவே என்ன இருந்திருக்க வேண்டும்?

காலமும் இடத்துக்கு இடம் வேறு. அத்திலாந்திக்கிலே யூன் முதலாந் திகதி தொடங்கி நவம்பர் முப்பதாந் திகதி வரையுமே ஹரிக்கேன் பருவம் என்று வகுத்திருக்கின்றனர். அதன் உச்சம் செப்டெம்பர் நடுப்பகுதியை ஒட்டியது. வங்கக் கடலுக்கோ இரண்டு பருவங்கள்: சித்திரை, வைகாசியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மற்றொன்று. நடுவே ஆனி ஆடியிற் கடல் சூடாய்த்தானே இருக்கிறது, ஏன் பெருஞ் சூறாவளி பிறப்பதில்லை என்று கேட்கலாம். சோழகக் காற்றுப் பருவத்திலே கீழே காற்று மேற்கிலிருந்து விரைகிறது; உயரத்திலே கிழக்கிலிருந்து விரைகிறது. எழுகின்ற சுழலின் தலையை ஒரு பக்கமும் அடியை மறு பக்கமுமாக இழுத்து அது சிதைத்துவிடுகிறது. அந்த இழுபறி ஓய்ந்த பின்னரே எமக்கு அபாயம் வருகிறது. இலங்கையைத் தாக்குபவை பெரும்பாலும் கார்த்திகை, மார்கழிக்கு உரியவை.

சூறாவளி நீராவியை உண்டு வாழ்வது. கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26½ பாகை சதமளவுக்கு மேற் சூடேறியிருக்க வேண்டும். அச்சூடு ஆழத்திலும் சில பத்து மீற்றருக்கு இருக்க வேண்டும். சூடான கடலிலிருந்து எழும் ஆவி மேலே சென்று குளிர்ந்து மழையாகும்போது, ஆவியாவதற்கு விழுங்கிய வெப்பத்தை எல்லாம் திருப்பிக் கக்குகிறது. ஒரு கிராம் நீருக்கு 580 கலோரி வரையில் வரும் அந்த வெப்பமே சூறாவளியின் விறகு. வெப்பமேறிய வளி மேலெழ, அடியிலே அமுக்கம் குறைய, சுற்றியுள்ள வளி அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. பாய்வது நேரே பாயாமல், பூமியின் சுழற்சியால் வட அரைக்கோளத்திலே வலப்புறம் விலகுகிறது. விலகி விலகி, ஈற்றில் மையத்தை இடப்புறம் வைத்துச் சுற்றத் தொடங்குகிறது. எம்மவர்க்கு இதை நினைவில் வைத்திருப்பது எளிது. கோயிலை நாம் வலம் வரும் திசைக்கு நேர் எதிர்த்திசையிலே வங்கக் கடற் சூறாவளி சுழலும். மொரீசியசிலும் அவுஸ்திரேலியாவிலும் அது முறைப்படி வலமே வரும்! பூமத்திய ரேகைக்கு மிக அண்மையிலே இவ்விலக்கம் இல்லையாதலால் அங்கே சூறாவளி பிறப்பது அரிது. ஐந்து பாகைக்குள் பிறவாது என்று பழைய நூல்கள் எழுதின. ஆயினும் 2001ஆம் ஆண்டு டிசம்பரிலே சிங்கப்பூருக்கு அண்மையில், ஒன்றரைப் பாகை அகலக்கோட்டிலே ஒன்று பிறந்தது. இலங்கையின் தென்கோடி ஆறு பாகைக்குச் சற்றுத் தெற்கே கிடக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்க.

இனிக் கடலின் அடையாளங்களுக்கு வருவோம்.

முதலில் வருவது காற்றன்று, அலை. சூறாவளி பெரும்பாலும் மணிக்குப் பத்து முதல் இருபது கிலோமீற்றர் வேகத்திலேயே நகர்கிறது. அதன் நடுவிலே எழுந்த பேரலைகளோ அதைப் பின்னே விட்டு முன்னே ஓடிவருகின்றன. பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக வரும் அலைத்தொகுதி ஆழ்கடலில் மணிக்குப் பதினெட்டுக் கடல்மைல் வரை செல்லும். ஒரு நாளில் 800 கிலோமீற்றர். ஆதலால் வானம் தெளிந்திருக்கும், காற்று மெல்லென வீசும், ஆனால் கரையிலே அலை மட்டும் மாறிவிடும். உள்ளூர்க் காற்றால் எழும் அலை குறுகியது. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கரையில் மோதும். தூரத்துச் சூறாவளியின் அலை நீண்டது, உருண்டு வருவது. நிமிடத்துக்கு நான்கோ ஐந்தோதான். மணிக்கூடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். முல்லைத்தீவிலோ திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ கார்த்திகை மாதத்து அமைதியான மாலைப்பொழுதிலே கடல் இரைச்சல் தாளம் மாறி ஒலிக்குமானால், அதை அசட்டை செய்தல் தகாது. நீண்ட அலை எல்லாம் சூறாவளியின் தூதென்று கொள்ளவும் வேண்டா. சித்திரை வைகாசியிலே தென் சமுத்திரத்தின் புயல்கள் அனுப்பும் அலைகளும் இத்தகையனவே. கேரளத்தார் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தாற் பெரும்பாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்தது வானம். மிக உயரத்திலே கோழியிறகு போன்ற வெண்முகிற் கீற்றுகள் ஒரு புள்ளியிலிருந்து விரிவன போலத் தோன்றும். கியூபாவின் ஹவானா நகரிலே பெனிற்றோ வின்யேஸ் என்னும் யேசுசபைக் குருவானவர் இக்கீற்றுகளையும் அலைகளையும் பாரமானியையுமே கொண்டு 1875ஆம் ஆண்டிலேயே ஹரிக்கேன் வருமென்று முன்னறிவித்து உயிர்களைக் காத்தார். அவரிடம் செய்மதியும் இல்லை, ரேடாரும் இல்லை. ஒழுங்காகப் பார்த்தலும் பார்த்ததை எழுதிவைத்தலுமே இருந்தன.

மூன்றாவது பாரமானி. எம்முடைய வெப்ப நாடுகளிலே வளியமுக்கம் நாள்தோறும் இரு முறை ஏறி இரு முறை இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம். அதிகாலை நான்கிலும் மாலை நான்கிலும் தாழ்வு. வேறுபாடு மூன்று மில்லிபாரை அண்டியது. இந்த ஒழுங்கு குலைவதே முதல் அடையாளம். அந்த நேரத்துக்கு வழக்கமான அளவிலிருந்து மூன்று மில்லிபார் குறைந்தால் ஐயுற வேண்டும். ஐந்து குறைந்தால் ஐயமே இல்லை, தாழமுக்கம் இருநூறு மைலுக்குள் நிற்கிறது என்பது மாலுமிகளின் கணக்கு.

நான்காவது காற்றுத் திரும்புதல். இது எமக்கு மிகப் பயன்படுவது. எம் முன்னோர் காற்றுக்கு இட்ட பெயர்களாலேயே சொல்லிவிடலாம். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும், தெற்கைச் சார்ந்து வருவதைச் சோழகம் என்றும் வழங்குகிறோம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சூறாவளியின் மையம் உங்கள் இடக்கைப் புறத்திலே, சற்று முன்தள்ளி இருக்கும். ஒல்லாந்து நாட்டு அறிஞர் பைஸ் பலோற் 1857இல் வகுத்த விதி இது. கார்த்திகையிலே வாடை பலத்து வீசுகிறது, முதுகைக் காட்டித் தெற்கே பார்க்கிறோம், இடக்கை கிழக்கு. ஆகவே மையம் கிழக்கே கடலில் நிற்கிறது. அது மேற்கு நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் வாடை கொண்டலாகத் திரும்பினால் மையம் எமக்குத் தெற்காகக் கடக்கிறது. வாடை கச்சானாகத் திரும்பினால் மையம் வடக்காகக் கடக்கிறது. திரும்பாமலே வலுக்குமானால் அது நேரே எம்மீது வருகிறது.

இவற்றுள் வாடை கொண்டலாதலே பொல்லாதது. சூறாவளி செல்லும் திசைக்கு வலப்புறத்திலே, சுழலும் காற்றின் வேகத்தோடு சூறாவளி நகரும் வேகமும் சேர்ந்துகொள்கிறது, இடப்புறத்திலே கழிந்துபோகிறது. கப்பலோட்டிகள் வலப்புறத்தை ஆபத்தான அரைவட்டம் என்பார்கள். அங்கே அகப்பட்ட கப்பலைக் காற்று சூறாவளியின் பாதையை நோக்கியே தள்ளும். கரையிலும் அப்படியே. கிழக்குக் கரையிற் சூறாவளி ஏறினால், ஏறிய இடத்துக்கு வடக்கே கொண்டல் கடலைத் தரைமேற் தள்ளும். தெற்கே கச்சான் கடலைக் கரையிலிருந்து பின்வாங்கச் செய்யும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மையத்திலே காற்று அடங்கிவிடும், வெயிலும் எறிக்கலாம். தரையிலுள்ளோர் ஆபத்து நீங்கிற்றென்று வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கக் காற்று முன்னினும் மூர்க்கமாய் அறையும். கடலிலே கண் இன்னும் கொடியது. காற்று இல்லாவிடினும் நாலாபுறத்து அலைகளும் அங்கே வந்து மோதி, திசையில்லாமற் கூம்பு கூம்பாய் எழும். பாய்க்கப்பற் காலத்திலே பல கப்பல்கள் பாய்மரம் முறிந்து மாண்ட இடம் அது. அலையின் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மீற்றர் அலை என்று அறிவித்தலிற் கேட்டால் எல்லா அலையும் ஐந்து மீற்றர் என்று பொருளன்று. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரியே அது. இடையிலே ஒன்று பத்து மீற்றரை எட்டவும் கூடும். வள்ளத்தைக் கவிழ்ப்பதற்கு அந்த ஒன்று போதும்.

ஆழ்கடலிற் கொல்வது அலை. ஆழங்குறைந்த கரையிற் கொல்வது பெருக்கு. காற்று நாட்கணக்காய்த் தள்ளிய நீர் ஆழ்கடலிலே கீழே இறங்கி வழி தேடிக்கொள்ளும். பாக்கு நீரிணை போன்ற ஆழமற்ற இடத்திலும், வடக்கே குறுகிச் செல்லும் வங்கக் குடாவின் தலையிலும் இறங்க இடமின்றி, சுவரென ஏறிவிடுகிறது. உலகிற் சூறாவளிகளால் நேர்ந்த மிகப் பெரும் உயிர்ச்சேதங்கள் வங்கக் கடலின் கரைகளிலேயே நேர்ந்தன. அதற்குக் காரணம் இங்கே காற்று மிகுதி என்பதன்று. கடல் ஆழங்குறைந்தது, கரை தாழ்ந்தது, மக்கள் மிகுதி.

இவ்வளவும் அறிந்த உலகம் எவ்வாறு நடந்துகொண்டது?

எம்மவர் பெருமையோடு நினைக்கும் ஒரு கப்பலைக் கொண்டு தொடங்குவோம். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றித் தம் நாட்டுக்கு அனுப்பினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் அதிற் சென்றனர். செங்கடலும் மத்தியதரைக் கடலும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி மசச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. திகதியைக் கவனியுங்கள். ஹரிக்கேன் பருவத்தின் உச்சம் வருமுன்னரே துறை சேர்ந்துவிட்டது. ஐம்பத்தொரு நாள் கழித்து, செப்டெம்பர் 21ஆந் திகதி, அதே நியூ இங்கிலாந்துக் கரையை நூற்றாண்டிலே காணாத ஹரிக்கேன் ஒன்று அடித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாதாரணமாய் மெல்ல நகரும் சூறாவளி அன்று மோட்டார் வண்டியினும் விரைவாய் வடக்கே ஓடிற்று. கரையிலிருந்தோர்க்கு எச்சரிக்கை என்று சொல்லத்தக்கது எதுவும் எட்டவில்லை. வாஷிங்டன் வானிலை நிலையத்திலே சார்ள்ஸ் பியர்ஸ் என்னும் இளைய உத்தியோகத்தர், அது கடலுக்குள் வளைந்து போகாது, வடக்கே கரையை நோக்கியே ஏறும் என்று சொன்னார். மூத்தோர் ஏற்கவில்லை. அப்படிப் போகும் ஹரிக்கேனை அவர்கள் கண்டதில்லை. கண்டதில்லையாகையால் வராது என்று தீர்த்தனர்.

அதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இதனினும் பெரியதொன்று நடந்தது. 1900ஆம் ஆண்டு, ரெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் நகரம். ஒரு மணற்தீவின் மேல் நகரம். அதன் மிக உயர்ந்த மேடே ஒன்பது அடிக்குக் குறைவு. கியூபாவிலே வின்யேஸ் அடிகளின் வழிவந்த அவதானிகள் ஹரிக்கேன் மேற்கே மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் செல்கிறதென்று கணித்தனர். வாஷிங்டனோ அது வடகிழக்கே திரும்புமென்று எண்ணியது. அதுமட்டுமன்று, கியூபர்கள் வீண் பீதி கிளப்புவோர் என்று கருதி, அவர்களின் வானிலைத் தந்திகள் வாராதபடி முன்னரே தடுத்தும் வைத்திருந்தது. செப்டெம்பர் எட்டாந் திகதி பதினைந்து அடி உயரத்துக் கடல் அந்நகரின் மேல் ஏறிற்று. ஏறக்குறைய எண்ணாயிரம் பேர் ஓர் இரவிலே மாண்டனர். அறிவு கடலுக்கு அப்பால் தொண்ணூறு மைலிலே இருந்தது. அகந்தை குறுக்கே நின்றது. இதைச் சொல்லும்போது எமக்குச் சினம் வருகிறது. மறைக்க வேண்டியதில்லை.

இவை பழங்கதை, இன்று செய்மதி உண்டு என்பீர்கள். 2015ஆம் ஆண்டைப் பாருங்கள். எல் ஃபாரோ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் புளோரிடாவின் ஜக்சன்வில் துறையிலிருந்து புவேட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்டது. யோக்கின் என்னும் ஹரிக்கேன் பஹாமாத் தீவுகளருகே வலுத்துக்கொண்டிருந்தது. கப்பற்தலைவர் பார்த்த வானிலைப் படங்கள் பல மணி நேரம் பழையன. மேற்தளத்துக்கு வந்த எழுத்துச் செய்திகளோ புதியன. அவை சூறாவளி கப்பலின் பாதையை நோக்கியே இறங்குகிறதென்று காட்டின. இரவுக் காவலிலிருந்த இளைய அதிகாரிகள் இருவர், ஒருவர் பின் ஒருவராகத் தலைவரை அழைத்து, தெற்கே திரும்பலாமே என்றனர். திரும்பவில்லை. ஒக்டோபர் முதலாந் திகதி காலையிலே முப்பத்துமூன்று பேரோடும் கப்பல் மூழ்கியது. பதினையாயிரம் அடி ஆழத்திலிருந்து மறு ஆண்டு எடுத்த ஒலிப்பதிவிலே அந்தப் பேச்சுகள் அத்தனையும் இருந்தன. கப்பலோட்டிகளுக்கு ஓர் எளிய விதி உண்டு. முன்னறிவித்தல் ஒரு நாளைக்கு நூறு கடல்மைல், இரண்டு நாளைக்கு இருநூறு, மூன்று நாளைக்கு முந்நூறு பிழைக்கலாம் என்று வைத்து, மணிக்கு 34 கடல்மைற் காற்று வீசும் எல்லைக்கு அப்பாலும் அவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்பது. பிழை இருக்கும் என்று ஒத்துக்கொண்டு வகுத்த விதி அது. அதனால் எமக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

இனி எம்முடைய கடலுக்குத் திரும்புவோம். 1964ஆம் ஆண்டு மார்கழி மாதம், டிசம்பர் 22ஆந் திகதி, எம் கிழக்குக் கரையிலேறிய சூறாவளி வவுனியாப் பக்கமாய் வடபுலத்தைக் கிழித்துக்கொண்டு சென்று, அன்றிரவு பாம்பனிலே பாய்ந்தது. தனுஷ்கோடிக்குச் சென்ற இரயில் வண்டி, நிலையத்துக்கு அண்மையிலே சைகை விளக்கு எரியாததால் நின்றதென்றும், பின்னர் ஊதிவிட்டு நகர்ந்ததென்றும் சொல்வர். வந்த பெருக்கிலே நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அது கடலிற் போயிற்று. சேதுவிலே நீராடச் சென்ற எம் பாட்டன் பாட்டிமார் இறங்கிய அவ்வூர் மீண்டும் ஊராகவில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கியதைக் கண்டோர் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாய்ப் படுத்துக் கிடந்தன.

2017ஆம் ஆண்டு ஒக்கி வந்தது. எம் தீவின் தெற்கே தாழமுக்கமாய் இருந்தது, நவம்பர் 30ஆந் திகதி குமரிக் கடலிலே சூறாவளியாயிற்று. ஒன்றிரண்டு நாளிலே அது நிகழ்ந்துவிட்டது. குமரி மாவட்டத்தாரும் கேரளத்தாரும் அதற்கு முன்பே பல நாட் தொழிலுக்காய் ஆழ்கடல் சென்றிருந்தனர். கரையிலே கொடியேற்றினால் அவர்களுக்குத் தெரியுமா? கைக்கருவியின் ஒலி அத்துணைத் தூரம் எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. எத்தனை வள்ளங்கள் வெளியே நிற்கின்றன, எவர் எவர் அவற்றில் இருக்கின்றனர் என்ற கணக்குக்கூட உடனே எவரிடமும் இருக்கவில்லை. தேடுவோர்க்கு எங்கே தேடுவதென்றும் தெரியவில்லை.

இங்கே சூறாவளியின் தரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மணிக்கு 34 கடல்மைற் காற்று வந்ததும் எம் கடலிலே அதற்குப் பெயரிடுகின்றனர். 64 கடல்மைலை எட்டினாற்றான் அத்திலாந்திக்கிலே அது ஹரிக்கேன். ஆகவே சிறியது, பெரியது என்பது காற்றைக்கொண்டு சொல்வது. 2025 நவம்பர் இறுதியில் வந்த திற்வா காற்றளவிலே சிறியது. அத்திலாந்திக்கில் ஹரிக்கேன் என்றே அழைத்திருக்க மாட்டார்கள். அது எம் தீவின்மேல் மெதுவாய் நகர்ந்து கொட்டிய மழையால், வெள்ளத்திலும் மலைநாட்டு மண்சரிவிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் சூடேறச் சூடேற மழையும் கூடும், வலுத்த சூறாவளிகளின் பங்கும் கூடும் என்று அறிஞர் சொல்கின்றனர். சிறிய சூறாவளிதானே என்று இனி எவரும் சொல்லாதிருப்பார்களாக.

திருவிளையாடற் புராணத்திலே கடல் சுவற வேல்விட்ட படலத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். மதுரையை அழிக்கக் கடல் பொங்கிவந்த நள்ளிரவிலே சோமசுந்தரக் கடவுள் சித்தராய்ப் பாண்டியன் கனவில் எழுந்தருளி, கடல் வருகிறது, எழுந்து வேலை விடு என்று உணர்த்தினார். கடலின் சீற்றத்தை அடக்கிய வேலையே எல்லாரும் பாடுகின்றனர். எமக்கோ அதற்கு முந்திய கணமே பெரிதாய்ப் படுகிறது. நள்ளிரவிலே கேட்ட சொல்லை நம்பி அரசன் படுக்கையை விட்டெழுந்தானே, அந்தக் கணம்.

நம்பவும் எழவும் மக்களைப் பழக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1970 நவம்பர் 12ஆந் திகதி இரவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாயிருந்த வங்காளக் கரையிலே கடல் ஏறி மூன்று இலட்சத்துக்குக் குறையாதோரை விழுங்கிற்று. வானொலி எச்சரித்தது, கேட்டோரும் பலர். எங்கே போவது, எப்போது போவது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. 1972 தொடக்கம் வங்காளதேசத்திலே செஞ்சிலுவைச் சங்கத்தாரின் முயற்சியால் ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்தனர். கொடியும் ஒலிபெருக்கியும் கையிலேந்தி வீடு வீடாய்ச் செல்வதே அவர்கள் வேலை. பல்லாயிரம் பேர், பெண்களும் பெருந்தொகையினர். மேடான புகலிடங்களும் கட்டினர். 2020இல் அம்பான் என்னும் பெருஞ் சூறாவளி வந்தபோது இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரை முன்னரே அகற்றினர். அந்நாட்டிலே இறந்தோர் தொகை முப்பதை அண்டியதே. சூறாவளியைக் குறைக்க எவராலும் முடியவில்லை. ஊரவர் ஊரவரைத் தட்டி எழுப்பினர்.

அவர்கள் செய்ததிற் சிறு பங்கை எம் சங்கம் செய்யலாம் என்று கருதி, நிருவாகக் குழுவினரிடம் ஒரு யோசனையை முன்வைத்துள்ளோம். இறங்குதுறையிலே ஒரு கரும்பலகை. ஐப்பசி முதல் மார்கழி முடிய, காலையும் மாலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலை அதிலே எழுதுதல். எழுதும்போது அது எத்தனை மணிக்கு வந்த அறிவித்தல் என்பதையும் தவறாது எழுதுதல். எல் ஃபாரோவை நினைத்தே இதை வற்புறுத்துகிறோம். பக்கத்திலே ஒரு கொப்பி. கடலுக்குப் போகும் வள்ளத்தின் இலக்கம், ஆட்களின் பெயர், போகும் திசை, திரும்பும் நாள் ஆகியவற்றை அதிலே பதிதல். திரும்பியதும் கோடிடுதல். சங்க மண்டபத்திலே ஒரு பாரமானி. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மேல்வகுப்பு மாணவர் இருவர் பார்த்து எழுதட்டும். ஓர் ஆண்டு எழுதினால் எம்மூர்க் கடலின் வழக்கமான அளவு எதுவென்று தெரிந்துவிடும், குறைவும் அப்போதுதான் தெரியும். அறிவித்தல் கடுமையாகும் நாளிலே எந்த ஒழுங்கைக்கு எவர் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் முன்னரே பிரித்துக்கொள்ள வேண்டும். முதியவர் தனியே இருக்கும் வீடுகளை முதலில்.

செலவு எவ்வளவு என்று பொருளாளர் எம்மைப் பார்க்கிறார். பாரமானிக்கு மட்டுமே காசு வேண்டும். பலகை பள்ளிக்கூடத்திற் சும்மா கிடக்கிறது, தலைமையாசிரியர் தர இசைந்துள்ளார். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பலகை எழுத வாலிபர் நால்வர் பெயர் தந்துள்ளனர். மார்கழி மாதத்து அதிகாலைக்கு இன்னும் ஒருவர் தேவை. திருவெம்பாவைக்கு எழுகின்ற எவரேனும் கோயிலுக்குப் போகும் வழியிலே எழுதிவிட்டுப் போகலாம்.